அளப்பது யார், நிறுத்துவது யார்? கட்டமைப்புக் கண்காணிப்புக்கு ஓர் எளிய அறிமுகம்

2025 ஜூலை 26ஆம் தேதி மாலை, சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் சாலை சவுத்தில் சாலையின் ஒரு பகுதி திடீரென்று உள்வாங்கியது. அந்த வழியே வந்த கார் ஒன்று பள்ளத்துக்குள் விழுந்தது. பக்கத்துக் கட்டுமானத் தளத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஏழு ஊழியர்கள் ஓடி வந்து நைலான் கயிற்றை உள்ளே வீசி, காரில் இருந்த பெண்ணைச் சில நிமிடங்களில் மேலே இழுத்துவிட்டார்கள். அவர்களை வழிநடத்திய மேற்பார்வையாளர் தமிழ்நாட்டுக்காரர். பிறகு அதிபர் தர்மன் சண்முகரத்னம் அந்த எழுவரையும் அதிபர் மாளிகையான இஸ்தானாவில் சந்தித்துப் பாராட்டினார். முழுக்க முழுக்கத் தகுதியான பாராட்டு.

அந்தப் பள்ளம், பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கழிவுநீர்க் குழாய்ப் பணிக்காகத் தோண்டப்பட்ட ஒரு செங்குத்துக் குழிக்கு அருகில் விழுந்தது. செய்தியைப் படித்த எல்லோருக்கும் ஒரே கேள்விதான் எழுந்திருக்கும். சாலை உள்வாங்கப் போகிறது என்பது முன்கூட்டியே தெரியாதா? ஒரு தனி விபத்தைப் பற்றிய தீர்ப்பை விசாரணைகள்தான் சொல்ல வேண்டும். ஆனால் பொதுவாகக் கேட்டால், தெரிந்துகொள்ள வழி உண்டு. அதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. கட்டமைப்புக் கண்காணிப்பு என்று அதைச் சொல்லலாம். கட்டடம், பாலம், சுரங்கம், தண்டவாளம் ஆகியவற்றில் கருவிகளைப் பொருத்தி, அவை எவ்வளவு நகர்கின்றன, எவ்வளவு பாரம் தாங்குகின்றன என்று தொடர்ந்து அளந்து, ஆபத்து வருவதற்கு முன் செயல்படுவதுதான் அதன் வேலை.

முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அசையாமல் நிற்கும் கட்டடம் என்று எதுவுமே இல்லை. வெயிலில் கான்கிரீட் விரிகிறது, இரவில் சுருங்குகிறது. ராஃபிள்ஸ் பிளேஸில் 280 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் ரிபப்ளிக் பிளாசா, காற்றிலும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி சுமத்ராவில் நிலம் அதிரும்போதும் மெல்ல ஆடுகிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களிலேயே அங்கே அதிர்வுமானிகளைப் பொருத்தி இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, ஒரு கட்டடம் அசைகிறதா என்று கேட்பதில் பயன் இல்லை. எவ்வளவு அசைகிறது, எவ்வளவு வரை அசையலாம், அந்த எல்லையைத் தாண்டினால் வேலையை நிறுத்தப் போவது யார் என்ற மூன்றையும்தான் கேட்க வேண்டும். முதல் கேள்விக்குக் கருவி பதில் சொல்லும். இரண்டாவதற்குக் கணக்கு பதில் சொல்லும். மூன்றாவதற்கு மனிதர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நான் படித்த வரையில், பெரிய விபத்துகளில் கோட்டை விடுவது பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான்.

சரி, கருவிகளைப் பார்ப்போம். ஒரு பெருவிரைவு ரயில் நிலையத்துக்காக ஆழமாகத் தோண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை மண் இரண்டு பக்கமும் சமமாக அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு பக்க மண்ணை அள்ளிவிட்டால், மறுபக்க மண் குழிக்குள் சாயப் பார்க்கும். அதைத் தடுக்க முதலில் கான்கிரீட் சுவர் இறக்குவார்கள். தோண்டத் தோண்ட, எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே இரும்புத் தாங்கிகளை வரிசை வரிசையாக முட்டுக் கொடுப்பார்கள். தளத்தில் இவற்றை ‘ஸ்ட்ரட்’ என்றுதான் சொல்வார்கள். இவ்வளவு செய்தாலும் சுவர் கொஞ்சம் உள்ளே வளையத்தான் செய்யும். அது வளைந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் மண் இறங்கும். மண் இறங்கினால் மேலே இருக்கும் சாலையும் கடைவீடும் இறங்கும்.

இந்த ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு கருவி உண்டு. சுவருக்குள் மேலிருந்து கீழ் வரை ஒரு குழாயைப் பதித்து, அதற்குள் ஒரு சாய்வுமானியை இறக்குவார்கள். அரை மீட்டருக்கு ஒரு முறை அது சாய்வைச் சொல்லும். எல்லாவற்றையும் கூட்டினால் சுவர் எந்த ஆழத்தில் எத்தனை மில்லிமீட்டர் வளைந்திருக்கிறது என்ற முழுப் படம் கிடைக்கும். தாங்கிகளின் மேல் ஒட்டிய ‘ஸ்ட்ரெயின் கேஜ்’, இரும்பு எவ்வளவு நசுங்குகிறது என்பதை வைத்து அதன் மேல் இருக்கும் பாரத்தைச் சொல்லும். மண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தை அளக்க ‘பீசோமீட்டர்’. சாலையிலும் நடைபாதையிலும் சின்ன ஆணித் தலைகளைப் பார்த்திருப்பீர்கள். சுற்றியிருக்கும் கட்டடங்களின் சுவர்களில் உள்ளங்கை அளவு கண்ணாடிக் கட்டிகளைக்கூடப் பார்த்திருக்கலாம். அவையெல்லாம் அளவுக் குறிகள். தரை எவ்வளவு அமுங்கியது, சுவர் எவ்வளவு சாய்ந்தது என்பதை அவற்றைப் பார்த்துத்தான் அளக்கிறார்கள்.

நீரழுத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிங்கப்பூரில் அது பெரிய விஷயம். காலாங், மரினா, பீச் ரோடு வட்டாரங்களுக்குக் கீழே கடல் களிமண் கிடக்கிறது. சில இடங்களில் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு. மிகவும் மென்மையான மண். அதில் தோண்டும்போது நிலத்தடி நீர் குழிக்குள் கசிந்துவிட்டால், தூரத்தில் இருக்கும் களிமண்கூட மெல்லச் சுருங்கி அமுங்கும். குழியில் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் தெருமுனைக் கட்டடத்தில் வெடிப்பு விடும். அதனால்தான் குழிக்குச் சம்பந்தமே இல்லாதது போலத் தோன்றும் இடங்களிலும் கருவி வைக்கிறார்கள்.

இனி எல்லை. சிங்கப்பூர்த் தளங்களில் ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு எண்கள் முன்கூட்டியே எழுதி வைக்கப்படும். ஒன்று ‘அலர்ட் லெவல்’. அதைத் தொட்டால் உஷாராகி, அடிக்கடி அளந்து, காரணத்தைத் தேட வேண்டும். அடுத்தது ‘வொர்க் சஸ்பென்ஷன் லெவல்’. அதைத் தொட்டால் வேலை நிற்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ரயில் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வேலை என்றால் விதி இன்னும் கடுமை. ரயில் கட்டமைப்பின் வெளி ஓரத்திலிருந்து 40 மீட்டர் வரை பாதுகாப்பு வட்டாரம். அதற்குள் யார் எதைத் தோண்டினாலும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். அந்த வேலையால் சுரங்கம் 15 மில்லிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது. நம் சுண்டுவிரலின் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். காலையில் நாம் ஏறி உட்காரும் ரயிலுக்கு வெளியே இவ்வளவு நுணுக்கமாக ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் மனம் கனத்துவிடும். சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில், நம்மில் பலர் ஞாயிற்றுக்கிழமை கடந்து போகும் அந்தப் பகுதியில், ஆறு மாடி லியான் யாக் கட்டடம் நின்றது. நியூ வோர்ல்ட் ஹோட்டல் இருந்த கட்டடம். 1986 மார்ச் 15ஆம் தேதி காலை, ஒரு நிமிடத்துக்குள் அது தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள், 17 பேர் மீட்கப்பட்டார்கள். அப்போது ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுச் சுரங்க நிபுணர்களும் மீட்புக்கு வந்து, இடிபாடுகளுக்கு அடியில் வழி அமைத்து ஆட்களை வெளியே கொண்டுவர உதவினார்கள். விசாரணைக் குழு கண்டுபிடித்த காரணம் கேட்பவரை உறைய வைக்கும். கட்டடத்துக்குள் வரப்போகும் ஆட்கள், பொருட்கள் ஆகியவற்றின் எடையைக் கணக்கில் எடுத்த வடிவமைப்பு, கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்கவே இல்லை. 1971இல் கட்டிய நாளிலிருந்து அந்தத் தூண்கள் தங்கள் சக்தியின் விளிம்பில்தான் நின்றிருக்கின்றன. இடிவதற்கு முன் தூண்களில் வெடிப்பைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அந்த வெடிப்பைப் பார்த்த பிறகும் யாரும் கட்டடத்தைக் காலி செய்ய வைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கட்டடங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை பொறியாளர் சோதிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. குடியிருப்புக் கட்டடங்களுக்குப் 10 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 5 ஆண்டுகள். ஒருவர் வரைந்த வடிவமைப்பைத் தொடர்பில்லாத இன்னொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும் என்ற முறையும் வந்தது. குடிமைத் தற்காப்புப் படையில் இடிபாட்டு மீட்புக்கென்றே டார்ட் என்ற சிறப்புக் குழு உருவானது 1990இல்.

நியூ வோர்ல்டில் கருவிகளே இல்லை. நிக்கல் ஹைவேயில் கருவிகள் இருந்தன. அதனால்தான் இந்தத் துறையைக் கற்பவர்கள் எல்லோரும் அந்த இரண்டாவது விபத்தை அவ்வளவு நேரம் படிக்கிறார்கள்.

2004 ஏப்ரல் 20ஆம் தேதி பிற்பகல். வட்டப் பாதை என்ற பெருவிரைவு ரயில் பாதைக்காக நிக்கல் ஹைவே நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். தாங்கிகள் முட்டும் இடத்தில் இரும்பு மடங்கியது. ஒரு வரிசை விட்டுக்கொடுத்ததும் அதன் பாரம் மேல் வரிசைக்குப் போனது, அதுவும் தாங்கவில்லை. குழி மூடிக்கொண்டது. நெடுஞ்சாலையின் ஒரு துண்டு குழிக்குள் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர், தன் ஊழியர்களை மேலே அனுப்பிவிட்டுத் தான் சிக்கிக்கொண்ட ஃபோர்மன். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை.

விசாரணையில் வெளிவந்தது இது. கணினியில் செய்த ஆய்வில் களிமண்ணின் பலம் உள்ளதைவிட அதிகமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அதனால் சுவர் எவ்வளவு வளையும், தாங்கியில் எவ்வளவு பாரம் ஏறும் என்ற இரண்டுமே குறைவாக மதிப்பிடப்பட்டன. தாங்கியும் சுவரும் சேரும் இணைப்பின் வடிவமைப்பும் போதாது. இவை இரண்டும் கணக்குப் பிழைகள். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. சாய்வுமானிகள் சரியாகவே வேலை செய்தன. சுவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வளைகிறது என்று அவை பல வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தன. எல்லையைத் தாண்டியபோது என்ன செய்தார்கள் தெரியுமா? கிடைத்த அளவுகளுக்குப் பொருந்தும்படி கணக்கை மறுபடியும் போட்டு, எல்லையை உயர்த்தினார்கள். அப்புறம் புதிய எல்லையையும் சுவர் தாண்டியது. மறுபடியும் கணக்கு, மறுபடியும் உயர்வு.

இப்படி மறுகணக்குப் போடுவது தன்னளவில் தவறு இல்லை. மண்ணைப் பற்றி நாம் நினைத்தது தவறு என்று அளவு சொன்னால், கணக்கைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் அந்தத் திருத்தத்தின் விளைவு, ‘சுவர் பலவீனம், தாங்கியைக் கூட்டு’ என்பதாக இருந்திருக்க வேண்டும். ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லை, எல்லையை ஏற்று’ என்பதாக இருந்திருக்கக்கூடாது. கருவி உண்மையைச் சொன்னது, அதைக் கேட்டு நிறுத்தும் அதிகாரம் உள்ளவர்கள் நிறுத்தவில்லை. விபத்துக்குப் பிறகு, ஆழமான குழிகளின் தற்காலிகத் தாங்கு அமைப்புகளைக்கூட நிரந்தரக் கட்டுமானத்துக்கு இணையான கண்டிப்போடு வடிவமைத்து, வேறு பொறியாளரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்று விதிகள் இறுகின. நிக்கல் ஹைவே நிலையத்தையும் முதலில் திட்டமிட்ட இடத்திலிருந்து சற்றுத் தள்ளித்தான் கட்டினார்கள்.

அதே வட்டப் பாதையில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வேறு மாதிரி ஒரு புதிர் முளைத்தது. 2016இல் ஓட்டுநர் இல்லாத அந்த ரயில்கள் காரணமே தெரியாமல் சமிக்ஞையை இழந்து, அவசர பிரேக் போட்டு நின்றன. நிற்கும் ரயில் தினமும் வேறு, இடம் வேறு, நேரம் வேறு. தரவுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு நிறுத்தமும் தேதி, நேரம், இடம், திசையோடு பதிவாகியிருந்தது. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் எந்த ஒழுங்கும் தெரியவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு ஆய்வாளர்கள் சிலர் அந்தப் பதிவுகளை ஒரே வரைபடத்தில் போட்டார்கள். ஓர் அச்சில் நேரம், இன்னோர் அச்சில் நிலையங்கள். அப்படிப் போட்டதும் புள்ளிகள் சாய்கோடுகளாக வரிசை கட்டின. ஒரு ரயில் ஓடும் வேகத்தில், நின்ற ரயில்களுக்கு எதிர்த்திசையில் ஏதோ ஒன்று நகர்ந்து போகிறது, அது கடந்து போகும் ரயில்கள் எல்லாம் நின்றுபோகின்றன என்று அந்தக் கோடுகள் காட்டின. பழைய காணொளிப் பதிவுகளைப் பார்த்து, அந்தந்த நேரத்தில் அந்தந்த நிலையத்தைக் கடந்த ரயில் எது என்று தேடினார்கள். பிவி46 என்ற ஒரே ரயில். நவம்பர் 6ஆம் தேதி காலை, பயணிகள் சேவை தொடங்கும் முன் அதை ஓட்டிப் பார்த்து உறுதி செய்தார்கள். அதன் சமிக்ஞைக் கருவியில் இருந்த கோளாறு, பக்கத்தில் வரும் ரயில்களின் தொடர்பைக் குலைத்துக்கொண்டிருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. கோளாறுள்ள ரயில் தடங்கலின்றி ஓடிக்கொண்டிருந்தது. நின்றவை எல்லாம் நல்ல ரயில்கள். ஆகவே நின்ற ரயில்களின் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் குற்றவாளி அதில் அகப்படாது. பட்டியலில் இல்லாததைத் தேடும் கண் வேண்டியிருந்தது. பயன்பாட்டு ஆய்வு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். புதுக் கருவி ஒன்றுகூட வாங்கவில்லை. இருந்த பதிவைப் புதிய கேள்வியோடு பார்த்தார்கள்.

எதிர்மாறான சம்பவமும் நம் நினைவில் இன்னும் பசுமையாக இருக்கிறது. 2024 செப்டம்பர் 25ஆம் தேதி கிழக்கு மேற்குப் பாதையில் ஒரு பழைய ரயிலின் அச்சுப்பெட்டி (சக்கர அச்சின் முனையைத் தாங்கும் பெட்டி), உள்ளிருந்த மசகு கெட்டுப்போனதால் சூடேறி உடைந்து விழுந்தது. சக்கரத் தொகுதி தடம்புரண்டு, இரண்டரை கிலோமீட்டர் தூரத்துக்குத் தண்டவாளம் சேதமானது. ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையில் ஆறு நாள் ரயில் இல்லை. வேலைக்கும் பள்ளிக்கும் போக நாம் பட்ட பாடு தெரியும். அச்சுப்பெட்டிகளின் சூட்டை அளக்கும் கருவி பாதையோரத்தில் இருந்தது. அசாதாரண சூட்டை அது பிடித்தும்விட்டது. ஆனால் எந்த ரயில் என்ற எண் அந்தப் பதிவில் வரவில்லை. அதனால் அது தவறான அளவு என்று ஒதுக்கப்பட்டது.

ஒதுக்கியவர்களைக் குறை சொல்வது சுலபம். அவர்கள் நிலையில் இருந்து பாருங்கள். கருவிகள் பொய்யும் சொல்லும். மழை நீர் புகும், கம்பி தளரும், லாரி மோதும், மின்கலம் தீரும். தினமும் பத்து பொய் எச்சரிக்கை வந்தால் பதினோராவது உண்மையை யாரும் நம்ப மாட்டார்கள். ஆய்வுக்கூடங்களில் இன்று நடக்கும் வேலையில் கணிசமான பங்கு இந்த இடத்தில்தான் விழுகிறது. வெயிலால் வந்த விரிவையும் பழுதால் வந்த விரிவையும் பிரித்தெடுப்பது எப்படி, ஒரு கருவி சொல்வதை இன்னொரு வகைக் கருவியால் சரிபார்ப்பது எப்படி, அளவு கிடைக்காத நேரத்தையே ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது எப்படி என்பவை போன்ற கேள்விகள்.

இதற்கெல்லாம் அடிப்படை, ஆரோக்கியமாக இருந்தபோது எடுத்த அளவு. பாலிகிளினிக்கில் ஒரே ஒரு நாள் எடுத்த ரத்த அழுத்தத்தை வைத்து மருத்துவர் முடிவு செய்வதில்லை, போன வருட அட்டையையும் பார்ப்பார். கட்டடத்துக்கும் அப்படித்தான். 2001இல் பொங்கோலில் ஒரு 19 மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் எழுந்தபோது, கீழ்த்தளத்துத் தூண்களில் பத்தில் ஒளியிழை உணரிகளைக் கான்கிரீட் ஊற்றும்போதே உள்ளே புதைத்தார்கள். மெல்லிய கண்ணாடி இழைக்குள் ஒளியை அனுப்பி, தூண் எவ்வளவு சுருங்குகிறது என்று அறியும் முறை. மாடிகள் ஒவ்வொன்றாக ஏற ஏறத் தூண் எப்படி நடந்துகொண்டது என்ற முழு வரலாறும் கிடைத்தது. கட்டிய பிறகு ஒட்டும் கருவியால் இது முடியாது, அதற்கு முந்தைய பாரம் அதற்குத் தெரியாதே.

கண்ணால் பார்ப்பதும் கண்காணிப்புதான். 2022இலிருந்து, 13 மீட்டருக்கு மேல் உயரமும் 20 ஆண்டுக்கு மேல் வயதும் உள்ள கட்டடங்களின் வெளிச்சுவரை ஏழு ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். ஆள் தொங்கிப் பார்த்த இடத்தில் இப்போது டிரோன் பறந்து படம் எடுக்கிறது, எந்தக் கோடு வெடிப்பு, எந்தக் கோடு வெறும் அழுக்கு என்று கணினி முதலில் பிரித்துக் கொடுக்கிறது. முடிவு பொறியாளருடையது.

வீட்டில் நாமும் இதைச் செய்யலாம். சுவரிலோ தூணிலோ வெடிப்பு தெரிந்தால், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். பூச்சில் மயிரிழை போல ஓடும் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்கும். வெடிப்பு கோட்டைத் தாண்டி வளர்ந்திருந்தால், அகலம் கூடியிருந்தால், திடீரென்று கதவுகள் மூட மறுத்தால், நகர மன்றத்திடமோ கட்டட நிர்வாகத்திடமோ தேதியோடும் படத்தோடும் சொல்லுங்கள். தூணிலோ உத்தரத்திலோ கான்கிரீட் பிளந்து கம்பி தெரிந்தால் ஒரு மாதம் காத்திருக்கவே வேண்டாம், அன்றே சொல்லுங்கள்.

தளத்தில் வேலை செய்யும் தம்பிகளுக்கும் அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை. தாங்கியில் வளைவோ, சுவரில் புதிதாக நீர்க்கசிவோ, வழக்கமில்லாத சத்தமோ தெரிந்தால், கருவி என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். முதலில் குழியை விட்டு மேலே வாருங்கள், பிறகு மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்றால் மனிதவள அமைச்சின் ஸ்னாப்சேஃப் சேவையில் படத்தோடு புகார் தரலாம். மேற்பார்வையாளர்களும் நிர்வாகமும் காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் பாதுகாப்புக் கூட்டத்தில் அன்றைய அளவுகளைத் தமிழிலும் வங்காளத்திலும் சொல்ல வேண்டும். எந்த எண் வந்தால் வேலை நிற்கும், அதை நிறுத்தப் போவது யார் என்பது குழிக்குள் இறங்கும் கடைசி ஆளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.